அஞ்சல் பெட்டியும் ஒரு கணக்குப் புத்தகம்தான்

வணிகவியல் வகுப்பில் முதல் வருடம் முதல் மாதத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. நடவடிக்கை நடந்தவுடன் குறிப்பேட்டில் எழுத வேண்டும். குறிப்பேட்டில் இருப்பதைப் பேரேட்டில் உரிய கணக்குக்கு எடுத்தெழுத வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு சான்றுச்சீட்டு இருக்க வேண்டும். குறிப்பேட்டோடு நிறுத்திவிட்டுப் பேரேடே போடாத கடைக்காரரிடம் போய், "அந்தத் தெருமுனைக் கடை எவ்வளவு பாக்கி?" என்று கேட்டால், பாவம், அவர் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான்!

இன்று பெரும்பாலானவர்களின் மின்னஞ்சல் பெட்டி அந்தக் கடைக்காரரின் குறிப்பேடு போலத்தான் இருக்கிறது. வங்கி அறிக்கை, கல்லூரிச் சுற்றறிக்கை, புடவைக் கடைத் தள்ளுபடி, வரித்துறைக் கடிதம், எப்போதோ பதிவு செய்த ஏதோ ஒரு தளத்தின் பிறந்தநாள் வாழ்த்து என்று எல்லாம் வந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. படிக்காத மடல்களின் எண்ணிக்கை நாலு இலக்கத்தைத் தாண்டியபின் அதை யாரும் பார்ப்பதுகூட இல்லை.

இதற்கு மருந்து புதிதாக எதுவும் இல்லை. கணினியில் நிறுவிக்கொள்ளும் மின்னஞ்சல் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து அதைத் தன் வேலைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால் போதும். இலவசமாகக் கிடைப்பதிலும், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுவதிலும் மொஸில்லாவின் தண்டர்பேர்ட்தான் முன்னால் நிற்கிறது. இதன் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2012ல் மொஸில்லா இதிலிருந்து கையை விலக்கிக்கொள்ளப் பார்த்தது, 'இதோடு கதை முடிந்தது' என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. 2020ல் தனி நிறுவனத்தின்கீழ் வந்து, பயனர்களின் நன்கொடையில் ஓடி, 2023 ஜூலையில் 115ம் பதிப்பில் முகமே மாறி வந்தது. ஆகவே இங்கே சொல்லப்படும் குறிப்புகள் எல்லாம் தண்டர்பேர்டை வைத்தே சொல்லப்படுகின்றன.

ஜிமெயில் போதாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. உலாவியிலேயே எல்லாம் நடக்கிறது, கைப்பேசியிலும் வருகிறது, பிறகு எதற்குத் தனியாக ஒரு மென்பொருள்? நண்பர்களோடு நாலு வரி எழுதிக்கொள்வதற்கு மட்டும் மின்னஞ்சல் வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி நியாயமானது. அவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம் :-)

ஆனால் மடல்களே சான்றுச்சீட்டுகளாக இருப்பவர்களுக்கு விஷயம் வேறு. சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். நாட்காட்டி ஆர்டர் மின்னஞ்சலில் வருகிறது. காகித வியாபாரியின் பில் மின்னஞ்சலில் வருகிறது. வங்கிக் கடிதம், லாரி புக்கிங் ரசீது, வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த வடிவமைப்பு என்று எல்லாமே அதில்தான். "இந்த நிறத்தில்தான் கேட்டீர்கள்" என்று நிரூபிக்க அவரிடம் இருப்பது அந்த மடல் மட்டுமே.

அதைவிடப் பெரிய விஷயம் வரித்துறைக் கடிதம். 2017ம் வருடத்து மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 169ம் பிரிவின்படி, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அறிவிப்பை அனுப்புவதும் அதைச் சார்பு செய்யும் முறைகளில் ஒன்று. 'நான் பார்க்கவில்லை' என்பது அங்கே நல்ல பதில் அல்ல. ஓர் உத்தரவு வந்தால் 107ம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு 3 மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 1 மாதம். புடவைத் தள்ளுபடிக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் அந்த மடல் நாலு மாதம் கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 36ம் பிரிவு கணக்குகளையும் ஆவணங்களையும் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆறு வருடம்!

ஆறு வருடம் ஒரு மடலை வைத்திருக்கும் பொறுப்பை வேறொரு நிறுவனத்திடம் முழுக்க ஒப்படைக்கலாமா? யாஹூ குழுமங்களின் கதையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்களில் 2000களில் எத்தனை ஆயிரம் மடல்கள் எழுதப்பட்டன! 2019 டிசம்பரில் யாஹூ அந்தக் குழுமங்களின் உள்ளடக்கத்தை அழிக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே மூடிவிட்டது. மடல்களைத் தம் கணினியில் இறக்கி வைத்திருந்தவர்களுக்கு அதனால் நட்டமில்லை. கூகிளும் 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை வைத்திருக்கிறது. ஆகவே மேகத்தில் ஒன்று, மேசையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருப்பதே நல்லது.

பாப், ஐமேப்: முதலில் முடிவு செய்ய வேண்டியது

கணக்கைச் சேர்க்கும்போது தண்டர்பேர்ட் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான். பலர் படிக்காமலே அடுத்த பொத்தானைச் சொடுக்கிவிடுகிறார்கள்.

பாப் முறையில் மடல்கள் வழங்கியிலிருந்து கணினிக்கு இறங்குகின்றன. அதன்பின் கணினியில் இருப்பது தனி, வழங்கியில் இருப்பது தனி. ஐமேப் முறையில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்து ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும். இங்கே படித்தால் கைப்பேசியிலும் படித்ததாகக் காட்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வணிகவியல் மாணவருக்குச் சொன்னால், பாப் என்பது கடைக்காரர் எழுதும் ரொக்க ஏடும் வங்கி எழுதும் பாஸ் புத்தகமும் தனித்தனியாக இருப்பது போல. ஐமேப் என்பது வங்கிச் சரிகட்டும் பட்டியல் நிமிடத்துக்கு ஒருமுறை தானே போடப்படுவது போல.

கைப்பேசியும் கணினியும் இரண்டும் வைத்திருப்பவருக்கு ஐமேப்தான் சரி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஐமேப் என்பது ஒத்திசைவுதான், காப்பு நகல் அல்ல. கடவுச்சொல்லைத் திருடிய ஒருவர் வழங்கியில் எல்லாவற்றையும் அழித்தால், அடுத்த முறை இணையத்தில் சேரும்போது கணினியிலிருந்தும் அவை போய்விடும். அதனால் முக்கியமான மடல்களை மாதம் ஒருமுறை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற அடைவுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். அந்த அடைவுக்கு வழங்கியோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

பாப் முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், மடல்களை வழங்கியில் விட்டுவைக்கும் கட்டத்தையும், எத்தனை நாள் விட்டுவைப்பது என்ற அதன் கீழுள்ள கட்டத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, 'பழைய மடலெல்லாம் ஜிமெயிலில் காணவில்லை' என்று பதறுவதில் பயனில்லை.

வடிகட்டி என்னும் கணக்குப்பிள்ளை

குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதும் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்யும் கணக்குப்பிள்ளைதான் வடிகட்டி. டூல்ஸ் மெனுவில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' என்று இருக்கிறது. இன்னும் சுலபமான வழி, ஒரு மடலைத் திறந்து அனுப்பியவரின் முகவரியின்மேல் வலது சொடுக்கு செய்தால் 'கிரியேட் ஃபில்டர் ஃப்ரம்' என்று வரும். முகவரியைத் தட்டச்சு செய்யக்கூடத் தேவையில்லை.

இங்கே பலர் செய்யும் தவறு அடைவுகளை அள்ளிக் குவிப்பது. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அடைவு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடைவு! ஒரே ஒரு தடவை கடனில் சாமான் வாங்கியவருக்காக எந்தக் கணக்கரும் பேரேட்டில் தனிப் பக்கம் திறப்பதில்லை. அதற்குத்தானே 'பற்பல கடனாளிகள்' என்று ஒரு கணக்கு இருக்கிறது? அச்சகக்காரருக்கு ஆர்டர்கள், கொள்முதல், வங்கி, வரி, விளம்பரங்கள் என்று ஐந்து அடைவு போதும். மாணவருக்குக் கல்லூரி, தேர்வு, வேலை விண்ணப்பம், விளம்பரங்கள் என்று நான்கே போதும். ஏழுக்கு மேல் போனால் எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கே தனி நேரம் வேண்டும்.

வடிகட்டியில் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. வடிகட்டிகள் மேலிருந்து கீழாக வரிசையில் ஓடும். அதனால் வரி, வங்கி போன்ற முக்கியமானவை மேலே இருக்க வேண்டும், விளம்பரம் கடைசியில் இருக்க வேண்டும்.

2. முக்கியமான மடல்களை வடிகட்டியால் வேறு அடைவுக்கு நகர்த்துவதைவிட, உள்பெட்டியிலேயே விட்டு நட்சத்திரமும் வண்ணக் குறிச்சொல்லும் இடுவது நல்லது. கண்ணில் படாத அடைவுக்கு வரித்துறைக் கடிதத்தைத் தானாக அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. தானாக நகர வேண்டியது விளம்பரம்தான்.

3. 'அனுப்பியவர் முகவரிப் புத்தகத்தில் இல்லை' என்றும் நிபந்தனை போடலாம். தெரிந்தவர் மடல் ஒரு பக்கம், தெரியாதவர் மடல் ஒரு பக்கம் என்று பிரிக்க இந்த ஒரு வரி போதும். முகவரிப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரியும்.

4. இந்த வடிகட்டிகள் தண்டர்பேர்ட் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும். கணினி அணைந்திருக்கும்போது கைப்பேசியில் எல்லாம் கலந்தேதான் வரும். அது பிடிக்காதவர்கள் ஒன்றிரண்டு வடிகட்டிகளை ஜிமெயிலின் உள்ளேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

எரிதங்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. தண்டர்பேர்டின் எரிதக் கண்டுபிடிப்பு பேயஸ் கணித முறையில் சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிடுகிறது. இதற்குப் பழக்கம் கொடுக்க வேண்டும். எரிதத்தை 'ஜே' விசையால் குறித்தால் மட்டும் போதாது. தவறாக எரிதப் பெட்டிக்குப் போன நல்ல மடலை 'இது எரிதம் அல்ல' என்றும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கற்றுக்கொடுத்தால் அதற்கு எல்லாமே எரிதமாகத் தெரியத் தொடங்கிவிடும்.

குறிச்சொல்லும் சேமித்த தேடலும்

ஒரு மடல் ஒரே சமயத்தில் ஆர்டரும் ஆகும், பணப் பாக்கியும் ஆகும். அதை எந்த அடைவில் வைப்பது? இதற்காகத்தான் குறிச்சொற்கள். தண்டர்பேர்டில் முதலிலேயே ஐந்து குறிச்சொற்கள் இருக்கின்றன. விசைப்பலகையில் 1 முதல் 5 வரை அழுத்தினால் அவை ஒட்டிக்கொள்ளும், 0 அழுத்தினால் எல்லாம் உதிர்ந்துவிடும். அவற்றின் ஆங்கிலப் பெயர்களை மாற்றி 'பணம் வர வேண்டும்', 'பதில் போட வேண்டும்', 'பில் கட்ட வேண்டும்' என்று தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு வண்ணமும் கொடுக்கலாம்.

அடுத்த படி இன்னும் அழகானது. கண்ட்ரோல், ஷிப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேடல் பலகை வரும். 'பணம் வர வேண்டும் என்ற குறிச்சொல் உள்ளவை' என்று தேடிவிட்டு, அந்தத் தேடலையே ஓர் அடைவாகச் சேமித்துவிடலாம். அது உண்மையான அடைவு அல்ல. மடல்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே இருக்கும், இந்த அடைவைத் திறந்தால் மட்டும் ஒன்றாகத் தெரியும். காலையில் அதைத் திறந்து பார்க்கும் அச்சகக்காரருக்குக் கடன் பாக்கிப் பட்டியல் தயார்! பணம் வந்ததும் 0 அழுத்தினால் பட்டியலிலிருந்து அந்த மடல் போய்விடும். இதற்காகக் காசு கொடுத்துத் தனி மென்பொருள் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

முடிந்துபோன மடல்களை அழிக்கத் தேவையில்லை. 'ஏ' விசையை அழுத்தினால் ஆவணப் பெட்டிக்குப் போய்விடும். ஆவணங்களை வருடவாரியாகவோ மாதவாரியாகவோ தானே பிரித்து வைக்கும் வசதி கணக்கு அமைப்பில் இருக்கிறது. வருடம் என்றால் அதற்கு ஜனவரி முதல் டிசம்பர்வரைதான். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும் நம் ஊர் வியாபாரிகள் மாதவாரி என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஏப்ரல் முதல் மார்ச்வரை பன்னிரண்டு அடைவுகளைத் தணிக்கையாளரிடம் காட்டுவது எளிது.

விசைகள், எழுத்துருக்கள்

சுட்டியை விட்டுவிட்டு விசைப்பலகைக்கு மாறினால் மிச்சமாகும் நேரம் கொஞ்சமல்ல. எல்லா விசைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆறு போதும். 'என்' அடுத்த படிக்காத மடல். 'எம்' படித்ததைப் படிக்காததாக மாற்றும். 'எஸ்' நட்சத்திரம். 'ஏ' ஆவணம். 'ஜே' எரிதம். கண்ட்ரோல், ஷிப்ட், கே மூன்றும் சேர்ந்தால் விரைவு வடிகட்டி. இந்த ஆறும் ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும். எஃப் 8 அழுத்தினால் மடலைக் காட்டும் பலகம் மறைந்து பட்டியல் மட்டும் பெரிதாகத் தெரியும் என்பது ஏழாவது.

தமிழில் மடல் வருகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சாதாரண உரையாக வரும் மடல்களில் தமிழ் எழுத்துகள் சின்னதாகவும் கோணலாகவும் தெரியும். அமைப்புகளில் எழுத்துரு பகுதிக்குப் போய், மேம்பட்ட அமைப்பில் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்து, பிடித்த எழுத்துருவையும் அளவையும் கொடுக்க வேண்டும். அதே பலகையில் 'சாதாரண உரைக்குச் சம அகல எழுத்துரு' என்ற பொருள்படும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். தட்டச்சு இயந்திரம் போல எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பது ஆங்கிலத்துக்குச் சரி. 'ஐ'யையும் 'ர'வையும் ஒரே அகலத்தில் அடைத்தால் நன்றாகவா இருக்கும்?

தோலும் நீட்சிகளும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கின்றன. இவற்றில் மயங்கிவிடக் கூடாது என்பதே நல்ல ஆலோசனை. பெரிய பதிப்பு ஒன்று வரும்போது சில நீட்சிகள் நின்றுபோகும். நாள்தோறும் நடக்கும் வேலை ஒரு நீட்சியை நம்பி இருந்தால் அன்று வேலையும் நிற்கும். ஒன்றிரண்டோடு நிறுத்துவது உத்தமம்.

அனுப்பும் முன், நம்பும் முன்

'இணைப்பில் காண்க' என்று எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் அனுப்பும் வழக்கம் உலகப் பொதுவானது :-) இதற்காகவே தண்டர்பேர்டில் நினைவூட்டல் இருக்கிறது. மடலில் சில ஆங்கிலச் சொற்கள் இருந்து, கோப்பு எதுவும் இல்லாவிட்டால் எச்சரிக்கும். தமிழில் எழுதுகிறவர்கள் அந்தச் சொற்பட்டியலில் 'இணைப்பு', 'இணைப்பில்', 'இணைத்துள்ளேன்' என்று தாங்கள் வழக்கமாக எழுதும் சொற்களையும் சேர்த்துவிட வேண்டும். அமைப்புகளில் மடல் எழுதும் பகுதியில் இது இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

கோபத்தில் எழுதிய மடலுக்கும் ஒரு வழி உண்டு. கண்ட்ரோல், ஷிப்ட், என்டர் அழுத்தினால் மடல் உடனே போகாமல் வெளிப்பெட்டியில் காத்திருக்கும். சாயங்காலம் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். பாதி மடல்கள் அனுப்பப்படாமலே அழிக்கப்படும், நட்பும் வியாபாரமும் பிழைக்கும்.

வரும் மடல்களை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். வழக்கமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரில் ஒரு மடல் வருகிறது. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் பணத்தை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்' என்கிறது. பெயர் சரி, கையொப்பம் சரி, பழைய பில்கூட இணைத்திருக்கிறது. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து வித்தியாசம். உலகம் முழுக்க ஏற்றுமதியாளர்களும் சிறு வியாபாரிகளும் பணத்தை இழக்கும் வழி இது. மடலின் மேலே பெயரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. தண்டர்பேர்டில் மடல் தலைப்பை அமைக்கும் இடத்தில், அனுப்பியவரின் முழு முகவரியையும் எப்போதும் காட்டும்படி குறியிடலாம். அழகு கொஞ்சம் குறையும், அதனால் என்ன? சந்தேகம் வந்தால் கண்ட்ரோல், யூ அழுத்தி மடலின் மூலத்தையே பார்க்கலாம். இவ்வளவும் செய்துவிட்டு, பணம் அனுப்பும் முன் அந்த நிறுவனத்தின் பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது எல்லா மென்பொருளையும்விடச் சிறந்தது.

வெளியிலிருந்து வரும் படங்களைத் தண்டர்பேர்ட் தானாகக் காட்டாமல் தடுத்து வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படம் திறக்கப்பட்டாலே, மடல் எப்போது படிக்கப்பட்டது என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். அந்தத் தடையை 'எரிச்சலாக இருக்கிறது' என்று மொத்தமாக நீக்கிவிடுவது சரியல்ல. நம்பகமானவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுமதி கொடுக்கலாம்.

மணி அடிக்கும் தபால்காரர்

மென்பொருளை எவ்வளவு நன்றாக அமைத்தாலும் ஒவ்வொரு மடலுக்கும் ஓசை எழுப்பிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. தபால்காரர் ஒரு நாளைக்கு நாற்பது முறை வாசலில் வந்து மணி அடித்தால் எந்த வீட்டிலாவது சமையல் முடியுமா? கணக்கு அமைப்பில் 'இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்' என்ற இடத்தில் 60 என்று போடலாம். ஐமேப் கணக்கில் இது மட்டும் போதாது. வழங்கி உடனுக்குடன் அறிவிக்க அனுமதிக்கும் கட்டம் தனியாக இருக்கிறது, அதிலும் குறியை எடுக்க வேண்டும். இந்த இரண்டாவதைத் தெரியாமல் 'நிமிடத்தை மாற்றியும் மடல் வந்துகொண்டே இருக்கிறதே' என்று குழம்புகிறவர்கள் அதிகம்.

அவசரமானவர்கள் எப்படியும் தொலைபேசியில் அழைப்பார்கள். மின்னஞ்சல் என்பது நின்று நிதானமாகப் பதில் எழுதுவதற்கான இடம்.

காப்பு நகல் இல்லாமல் எதுவும் இல்லை

மடல்கள் கணினியில் இருக்கின்றன என்ற நிம்மதி, வன்தட்டு ஓடும்வரைதான். தண்டர்பேர்டின் மடல், முகவரி, வடிகட்டி, குறிச்சொல் எல்லாம் 'ப்ரொஃபைல்' என்ற ஒரே அடைவுக்குள் இருக்கின்றன. ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்திலிருந்து அந்த அடைவைத் திறக்கலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த அடைவை அப்படியே ஒரு வெளி வன்தட்டில் நகல் எடுத்தால் முடிந்தது. மாதக் கடைசியில் கடை கணக்கு முடிக்கும் நாளில் இதையும் செய்துவிடலாம். அந்த நகலில் எல்லா மடலும் இருப்பதால் அதைப் பூட்டி வைக்க வேண்டும். கணினியைப் பலர் பயன்படுத்தினால் தண்டர்பேர்டின் முதன்மைக் கடவுச்சொல்லையும் போட்டுவிட வேண்டும். ஆனால் அது சேமித்த கடவுச்சொற்களைத்தான் காக்கும். ஏற்கனவே இறங்கிய மடல்களைக் காக்க விண்டோஸ் கணக்குக்கே கடவுச்சொல் வேண்டும்.

நகல் எடுப்பதற்கு முன் ஃபைல் மெனுவில் உள்ள 'காம்பாக்ட் ஃபோல்டர்ஸ்' ஒருமுறை ஓடட்டும். வழக்கமான அமைப்பில் ஓர் அடைவின் எல்லா மடல்களும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. ஒரு மடலை அழித்தால் அந்தக் கோப்பிலிருந்து அது வெட்டி எறியப்படுவதில்லை, 'அழிக்கப்பட்டது' என்ற குறி மட்டும் விழுகிறது. பேரேட்டில் சிவப்பு மையால் அடித்த வரியைப் போல இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். சுருக்கிய பிறகுதான் இடம் உண்மையில் காலியாகும்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய பெட்டிகளில் தண்டர்பேர்டின் தேடல் ஜிமெயிலின் தேடல் அளவுக்கு வேகமோ கூர்மையோ இல்லை. முதல்முறை அமைக்கும்போது பொறுமை தேவை. மெனுக்களின் இடமும் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறுகிறது. கணினியே இல்லாமல் கைப்பேசியில் மட்டும் வேலை செய்பவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. அவர்களுக்காக ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் வந்திருக்கிறது, என்றாலும் மேலே சொன்ன வசதிகள் எல்லாம் அதில் இல்லை.

இருந்தாலும், விண்டோஸோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போய், விண்டோஸ் மெயில் வந்து, அதுவும் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டு, இப்போது புதிய அவுட்லுக் வந்திருக்கிறது. அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால், மடல்களை மைக்ரோசாஃப்டின் மேகத்தோடு ஒத்திசைக்க அனுமதி கேட்கிறது. ஒவ்வொரு முறையும் நிறுவனம் முடிவு செய்கிறது, பயனர் பெட்டி படுக்கையோடு இடம் மாறுகிறார். தன் கணக்குப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும், அலமாரி விற்பவர் அல்ல.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதல் வாரம் விளம்பரங்களுக்கு ஒரு வடிகட்டி, முழு முகவரியைக் காட்டும் குறி, ஒரு காப்பு நகல். இந்த மூன்றும் போதும். மற்றவை தேவைக்கேற்பத் தானாகச் சேரும். வரித்துறை மடல் வந்த அன்றே கண்ணில் பட்டால், செலவழித்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வட்டியோடு வரவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முயன்று பாருங்கள்!